மஞ்சள் பேனாவும் அட்டைப் பெட்டியும்

பரீட்சை மாதம் வந்துவிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரிக்கு மனிதர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். பதினோரு வருடமாக அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிறாள். யாரோ மாய்ந்து மாய்ந்து எழுதிய நோட்டை யாரோ கொண்டுவந்து நீட்டுவார்கள். நூற்றிருபது பக்கம் சுடச்சுட வெளியே வரும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும், பாடம் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்ட நிம்மதி. உழைத்தது இயந்திரம். இவர்கள் ஸ்பைரல் பைண்டிங் போட்டதோடு சரி.

இப்படி ஏளனம் பேச அவளுக்குத் தகுதி உண்டு. பதினாறு வயதில் அவளைவிடப் பெரிய முட்டாள் அந்தத் தெருவிலேயே இல்லை. கணக்கு கைடை ஒரு வரி விடாமல் மூன்று தடவை நோட்டில் எழுதினாள். கேள்விக்கு நீல மை, விடைக்குப் பச்சை, ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அந்த நோட்டை எடுத்துக் காட்டுவார். பரீட்சையில் எண்களை மாற்றிக் கேட்டுவிட்டார்கள். பேனா நின்றுவிட்டது. இருபத்தொரு மார்க். மறு பரீட்சைக்கு என்ன செய்தாள்? அதே கைடை நாலாவது தடவை எழுதினாள். அதில் பத்தொன்பது.

முப்பத்தெட்டு வயதில் அந்தக் கணக்கு மறுபடி வந்து வழியை மறித்தது. கடை அவளுடைய கொழுந்தனுக்குச் சொந்தம். "அண்ணி, அடுத்த வருஷம் இதை மொபைல் கடையா மாத்திடலாம்னு இருக்கேன். இங்கிலீஷ் பேசுற பொண்ணா ஒருத்தியை வச்சுக்கலாம்" என்றான் ஒரு நாள், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. எதிரே இருக்கும் பள்ளி அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகப் போகிறது. பத்தாவது தேறியிருந்தால் போதும். மற்ற பாடமெல்லாம் அன்றைக்கே தேறியவள்தான், கணக்கு ஒன்றுதான் பாக்கி. தனித்தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று புருஷன் சிரித்தான்.

கைடு வாங்கவில்லை. வாங்கினால் கை தானாகவே எழுத உட்கார்ந்துவிடும் என்று பயம். நகலெடுக்க வருகிறவர்கள் நகலைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, கொண்டுவந்த தாளை இயந்திரத்தின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். படிக்கிற லட்சணம் அப்படி. வாரத்துக்கு இரண்டு பழைய கேள்வித்தாளாவது அதில் சிக்கும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும், மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும், பாழான தாள்களின் பின்பக்கத்தில் கேள்வியை எழுதிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாள். புத்தகம் மேசைக்கு அடியில் இருக்கும், போட்டு முடித்த பிறகுதான் திறப்பது. சரியாக வந்த தாள் குப்பைக்கூடைக்கு. தப்பாக வந்தது காகிதக் கட்டு வந்த அட்டைப் பெட்டிக்கு. மூன்று நாள் கழித்து, பாதி மறந்திருக்கும் நேரம் பார்த்து, விடையை மடித்து மறைத்துவிட்டு அதே கணக்கை மறுபடி போடுவாள். சரியாக வருகிறவரை அந்தத் தாளுக்குப் பெட்டியிலிருந்து விடுதலை கிடையாது. முதல் மாதம் பெட்டி நிரம்பி வழிந்தது. தினமும் தன் முட்டாள்தனத்தைத் தானே எடுத்துப் பார்ப்பது அவமானமாகத்தான் இருந்தது. கைடை அழகாகக் காப்பியடித்தால் இந்த அவமானம் இல்லை, அதனால்தான் ஊரே காப்பியடிக்கிறது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை. குப்பைக்குப் போகிற தாளில்கூட எழுத்து முத்து முத்தாகவே விழுந்தது.

அதே பரீட்சைக்குப் பெயர் கொடுத்த இன்னொருவர் பதிவு அலுவலகத்துப் பியூன். தேறினால் கிளார்க். அவருக்கு அவள் வைத்த பெயர் மஞ்சப்பேனா. வாராவாரம் புது டைம்டேபிள் போட்டுக் கொண்டுவந்து காப்பி எடுத்து லேமினேஷன் செய்துகொள்வார். திங்கட்கிழமை போட்ட டைம்டேபிள் புதன்கிழமை செத்துவிடும், லேமினேஷன் மட்டும் சாகாது. அவர் புத்தகத்தைத் திறந்தால் கண் கூசும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மஞ்சள் கோடு.

"என்னண்ணே, ஒரு வரி விடாம எல்லாத்தையும் மஞ்சளாக்கிட்டீங்க?"

"எல்லாமே முக்கியம்தான், தங்கச்சி."

"அப்ப ஒண்ணுக்குமே போடாம விட்டிருக்கலாம். மையாவது மிச்சமாகியிருக்கும்."

அவர் அவள்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "படிக்கிறதுல சில டெக்னிக் இருக்கும்மா. உனக்குப் புரியாது."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது டோனர் தீர்ந்து எழுத்து வெளுத்து வந்தது. மஞ்சப்பேனாவைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வாங்கி வரப் போனாள். திரும்பி வந்தபோது அவர் ஒரு தாள் கட்டை அவசர அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். இன்னொரு டைம்டேபிளாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் பெட்டியில் நாலே நாலு தாள்தான் மிச்சம். அந்த நாலில் ஒன்று, எண்கள் மாறி, கேள்வித்தாளில் வந்து உட்கார்ந்திருந்தது. பேனா நின்றது. எங்கே தப்பு விடுவோம் என்பது இந்தத் தடவை அவளுக்குத் தெரியும், அந்த இடத்தை மட்டும் நிதானமாகத் தாண்டினாள். அறுபத்தெட்டு மார்க். புருஷன் சிரிக்கவில்லை.

மஞ்சப்பேனாவுக்கு இருபத்துமூன்று. மறுநாளே கடைக்கு வந்து ஒரு ஸ்பைரல் புத்தகத்தை மேசைமேல் போட்டார். திறந்தால் அவளுடைய எழுத்து. வரிக்கு வரி மஞ்சள்.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நீ டோனர் வாங்கப் போனப்ப, வெளுத்து வந்தாலும் பரவாயில்லைன்னு காப்பி எடுத்தேன். பெட்டியில பத்திரமா வச்சிருந்தியே, அதை. கூடையில கசங்கிக் கிடந்ததை நான் தொடவே இல்லை. இத்தனையும் மனப்பாடம் பண்ணியும் ஃபெயிலாயிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, கூடையில கிடந்ததுதான் சரி. பெட்டியில இருந்ததெல்லாம் நான் தப்பாப் போட்டது. ஒரு கணக்கையாவது நீங்களே போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

"எதுக்குப் போட்டுப் பாக்கணும்? எழுத்து முத்து முத்தா இருக்கு. இவ்வளவு அழகா எழுதினது தப்பா இருக்கும்னு யாருக்குத் தோணும்?"

அவள் சிரிப்பு நின்றது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் மார்க் ஷீட்டும் அந்த நோட்டுமாகப் பள்ளிக்குப் போய் அப்பா வாத்தியாரிடம் கேட்டது இதே கேள்விதான். பக்கத்தில் நின்று அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மஞ்சப்பேனா குரலைத் தாழ்த்தினார். "சரி, போனது போகட்டும். அந்தக் கூடைத் தாள் ஏதாவது மிச்சம் இருக்கா? ஒரு காப்பி எடுத்துக்கறேன்."

"மெஷின் ரிப்பேர், அண்ணே" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்தாள்.