நல்லம்மாளின் இடது கை

விழாவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது நல்லம்மாள் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். பார்க்கக் கூடாதுதான். ஆனால் தன் சிலையைப் பார்க்க யாரிடம் போய் அனுமதி கேட்பது?

சிலைக்கு இரண்டு கை இருந்தது.

மலேசியாவின் பத்து காஜா ஊர்ப் பக்கம் இதே தோட்டத்தில், இருபத்திரண்டு வயதில், ரப்பர் ஷீட் அழுத்தும் மெஷின் அவள் இடது கையை மணிக்கட்டோடு தின்றது. நான்காம் மாதமே விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், வந்து நின்றாள். ஒற்றைக் கைக்காரி மரத்தைச் சீவிப் பால் வெட்டுவாளா என்று வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார். முழங்கை மடிப்பில் வாளியை மாட்டிக்கொண்டு முப்பத்தொரு வருஷம் பால் எடுத்தாள். தோட்டம் அழிந்து வீடுகள் வந்தபின், பால்வெட்டுத் தொழிலாளிக்குச் சிலை என்றதும் ஊர் அவளைத்தான் சொன்னது.

"தம்பி, இது யாரு?"

விழாக் குழுத் தலைவர் தனேஸ்வரன் சிரித்தார். "நீங்கதான்க்கா. மூஞ்சியப் பாருங்க, அச்சு அசல் லா."

"கை?"

அவர் குரல் இறங்கியது. "நம்ம கோயில் கோபுரம் செஞ்ச ஸ்தபதிதான் செஞ்சாரு. பின்னமான சிலை ஊருக்கு ஆகாதுன்னுட்டாரு."

"இது என்ன மாரியாத்தாளா? கும்பாபிஷேகமா பண்ணப் போற?"

"நம்ம தொகுதி ஒய்பி வந்துட்டாருக்கா. கயித்த இழுங்க, பெறகு பேசிக்கலாம் லா."

பிறகாவது ஒன்றாவது! நின்ற சிலை நின்றதுதான். அவள் போனபின் இந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு கைக்காரியைத்தான் நல்லம்மாள் என்று நம்பும்.

மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கயிற்றை இழுத்தாள். துணி விழுந்தது, கூட்டம் கைதட்டியது. அவள் இறங்கவில்லை. தோளிலிருந்த பொன்னாடையை உருவி, சிலையின் இடது கையில் விரல் தெரியாமல் சுற்றினாள். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை வலது கையால் இழுத்து முடிந்தாள். தினமும் விடியலில் தலைத்துண்டு கட்டிய அதே முடிச்சு.

கைதட்டல் நின்றது. தனேஸ்வரன் அவிழ்க்க ஓடிவந்தார்.

"தொடாத."

பின்வரிசையில் ராக்காயி எழுந்தாள். தோட்டத்தில் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவள். "இப்பத்தான்டி நம்ம நல்லம்மா!" என்று கத்தினாள்.

நல்லம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிலையின் பீடத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஸ்தபதிய உளியோட வரச் சொல்லு, தம்பி. அது வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."