இஸ்பேட் தெரிந்தவன்

ராஷாட் பிக்கெட் வளர்ந்தது மினசோட்டாவில், பல் டாக்டர் வீட்டில், தெருவுக்கே ஒரே கறுப்புக் குடும்பமாக. அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அலபாமாவில் எங்கள் கறுப்பர் கல்லூரிக்கு வந்த முதல் வாரமே பையன் அதை முழுங்கிவிட்டான். கேட்டவர்களிடமெல்லாம் "பர்மிங்ஹாம் பக்கம்" என்றான். அதே அலபாமாவிலுள்ள அந்த ஊரில் அவனுக்கு ஒரு மாமா இருந்தது வாஸ்தவம். ஒரு கோடையில் போனவன் கொசுக்கடி தாங்காமல் பாதியில் ஓடி வந்தான்.

மாணவர் பத்திரிகையில் அவனுடைய பத்தி வாராவாரம் வரும். யார் அசல் கறுப்பர் என்று மார்க் போடுவதுதான் அதன் வேலை. பன்றிக்கால் போடாமல் கீரை வேகவைப்பவர் ஃபெயில். பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் நாளில் நூலகத்துக்குப் போகிறவர் ஃபெயில். ஐயா பெரிய பரீட்சை அதிகாரி! தங்கள் தலை உருளாதவரைக்கும் எல்லாரும் ரசித்துப் படித்தார்கள்.

அடுத்த வருஷ ஆசிரியர் பதவிக்கு அவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தான். எதிரே நின்றவள் ஜரீனா டாப்ஸ். ஆரிகன்காரி; அங்கேயும் கறுப்பர் அரிது. விடுதிக் கூரை ஏன் ஒழுகுகிறது என்று அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்டு எழுதுகிறவள். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஆடும் இஸ்பேட் சீட்டாட்டத்துக்குக் கூப்பிட்டால், "எனக்குத் தெரியாதுப்பா" என்று தட்டோடு நகர்ந்துவிடுவாள்.

ராஷாட் விடுவானா? தேர்தலுக்கு முந்தின வாரம் எழுதினான்: "இஸ்பேட் ஆடத் தெரியாதவர் நம்மவரே அல்லர். நான் மாமா மடியில் கற்றவன்." அந்த மாமாவோ, சீட்டுக்கட்டை வாசற்படி தாண்ட விடாத சர்ச் ஆசாமி.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் நாள். சாப்பாட்டுக்கூடமே திரண்டிருந்தது. விளையாட்டுப் பக்கம் எழுதும் ஓட்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க சார். உங்க பத்தியைப் படிச்சேன். என் ஜோடியா உட்காருங்க."

மறுக்க முடியுமா? உட்கார்ந்தான். எதிரணியில் பேண்டு வாத்தியக்காரி வெர்லீன் டைமன் இறக்கினாள். ராஷாட் இஸ்பேடை ஓங்கி மேசையில் அறைந்து வெட்டினான். சூழ்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் குஷியில் அடுத்த சுற்றிலேயே அவன் கையிலிருந்து ஒரு டைமன் விழுந்தது.

இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும்; இல்லாதபோதுதான் இஸ்பேடால் வெட்டலாம். வெர்லீன் முந்தைய பிடியைப் புரட்டிக் காட்டினாள். "கையில டைமனை வச்சுக்கிட்டே இல்லைன்னு வெட்டியிருக்காரு."

"கவனிக்கலை..." என்றான் ராஷாட்.

"மாமா மடியில தூங்கிட்டியோ?" என்றாள் அவள். கூடம் சிரித்துத் தீர்த்தது. ஜரீனா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

வெளியே வந்ததும் ஓட்டிஸின் கையைப் பிடித்தான். "சீட்டு வேற, பத்திரிகை வேறடா. உன் ஓட்டு எனக்குத்தானே?"

"எனக்கும் இந்த ஆட்டம் இங்க வந்துதான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கும் கத்துக் கொடுத்திருப்பேன்," என்றான் ஓட்டிஸ். "ஜரீனா தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றா. நீ கையில சொந்த இனத்தையே வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ற ஆளு. உன்கிட்ட பத்திரிகையை எப்படிடா கொடுக்குறது?"

திங்கட்கிழமை பத்திரிகைக் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. ராஷாட்டுக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அதையும் அவனேதான் போட்டிருந்தான்.