அத்தை படித்த இங்கிலீஷ்

தப்பை இங்கிலீஷில் செய்யக் கூடாது, உண்டாக்கத்தான் வேண்டும் என்று நான் தெரிந்துகொண்டது ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது. 'டூ எ மிஸ்டேக்' என்றால் மார்க் போய்விடும். 'மேக் எ மிஸ்டேக்' என்று சொல்ல வேண்டும். முடிவையும் அப்படித்தான் 'மேக்' பண்ண வேண்டும். ஆனால் வீட்டுப் பாடத்தை 'டூ' பண்ண வேண்டும். ஏன் என்று கேட்டால் அத்தைக்கும் தெரியாது. "அது அப்பிடித்தான். மனப்பாடம் பண்ணணும், அவ்ளோதான்" என்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நர்ஸுக்குப் படித்தவள். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று என் காதில் விழும்படி யாரும் பேசியதில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய்ப் பாத்திரம் தேய்ப்பாள். அம்மா அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் சாப்பாடு போடும்போது எங்களையெல்லாம் "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்று கேட்கும் அம்மா, அத்தையின் தட்டருகே வரும்போது மட்டும் கேட்கமாட்டாள். அதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று தோன்றியதில்லை.

அத்தையோடு படித்த ஒருத்தி வெளிநாட்டில் ஏதோ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். இங்கிலீஷ் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டால் போதும், டிக்கெட்கூட ஆஸ்பத்திரியே எடுத்துக் கொடுத்துவிடும் என்று அவள்தான் போனில் சொன்னாள். அன்றையிலிருந்து அத்தை படிக்க ஆரம்பித்தாள். ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த தடித்த புத்தகம் ஒன்று எங்கிருந்தோ வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் உத்தியோகம் எனக்கு. அத்தை துணி மடிப்பாள், கீரை ஆய்வாள், பதில் சொல்வாள். சுருதி தப்பாமல் ஒப்பிப்பாள். "டிசைட் வெர்பு, டிசிஷன் நவுன், டிசைசிவ் அட்ஜெக்டிவ்." ஒரு வார்த்தைக்கு ஒரு குடும்பமே இருந்தது. 'டிபெண்ட்' குடும்பத்தில் மட்டும் அவள் எப்போதும் இடறினாள். நவுன் என்ன என்று கேட்டால் 'டிபெண்டென்ஸ்' என்று சொல்லாமல் ஒரே தாவாக 'இன்டிபெண்டென்ஸ்' என்பாள். நான் ராங் போடுவேன்.

இடியம் என்கிற மரபுத்தொடர்கள்தான் எனக்குப் பிடித்தவை. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று, வேலையிலிருந்து வந்த அப்பாவிடம், "அம்மா அண்டர் தி வெதர்" என்று சொன்னேன். அப்பாவுக்குப் புரியவில்லை. நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிறவருக்கு எப்படிப் புரியும்? "மழையில நனஞ்சாளா?" என்று கேட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வேறு எப்போதும் பார்த்த ஞாபகமில்லை.

முதல் தடவை எழுதியபோது எல்லாவற்றிலும் மார்க் வந்து, பேசுவதில் மட்டும் அரை மார்க் குறைந்துபோயிற்று. மறுபடி எழுதப் பெயர் கொடுத்த சமயத்தில்தான் காவாந்தண்டலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்சாதி செத்துப்போனவர், இரண்டு பிள்ளைகள், சொந்த டிராக்டர். அப்பா அத்தையைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இந்த தபா பாஸ் பண்ணிட்டன்னா போ. நான் குறுக்க நிக்கமாட்டேன். இல்லன்னா அவங்களுக்கு ஒரு பதில் சொல்லியாவணும். நானும் எவ்ளோ நாளைக்குத் தள்ளிக்கினு போறது?"

"சரிண்ணா" என்றாள் அத்தை. அதன்பிறகு அவள் தூங்கும்போதுகூட உதடு அசைந்துகொண்டிருந்தது.

பரீட்சைக்குச் சென்னை போக வேண்டும். தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. துணைக்கு என்னை அனுப்பினார்கள். செங்கல்பட்டு வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். அத்தை இஸ்திரி போட்ட ஊதா நிறச் சுடிதார் போட்டிருந்தாள். வழியெல்லாம் கேள்வி கேட்டேன். ஒன்றைக்கூட அவள் விடவில்லை. டிபெண்டென்ஸைக்கூடச் சரியாகச் சொன்னாள். அவள் பாஸ் பண்ணிவிடுவாள், போய்விடுவாள் என்று அப்போதுதான் எனக்கு நிஜமாகவே உறைத்தது.

கண்ணாடிக் கதவு போட்ட கட்டடம். உள்ளே குளிரான குளிர். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே போனாள். எழுதுவது, கேட்பது எல்லாம் முடிந்து மத்தியானம் வெளியே வந்தாள். இரண்டு பேரும் புளிச்சோறு சாப்பிட்டோம். பிறகு பேசும் பரீட்சைக்கு மறுபடி உள்ளே போனாள். அதிலிருந்து வெளியே வந்தபோது என்னைத் தேடாமல், நான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டி வாசல்வரை போய்விட்டாள். நான்தான் ஓடிப்போய்த் துப்பட்டாவைப் பிடித்தேன்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தாம்பரம் தாண்டியதும் கேட்டேன்.

"அத்த, இன்னா கேட்டாங்க?"

"மொதல்ல எல்லாம் நல்லாத்தான் கேட்டாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. 'வேர் டூ யூ ஃபீல் அட் ஹோம்?'னு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அது இடியமாச்சே! ஃபீல் அட் ஹோம்னா கூச்சம் இல்லாம, சொந்த வூட்ல கீற மாதிரி இருக்கறது. நாம டிக் அடிச்சி வெச்சிக்கீறோம்."

"தெரியும்டி."

"அப்ப இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஏன்?"

"நேரம் குடுத்தாங்க. அந்தம்மா என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. நானும் அவங்களையே பாத்துக்கினு இருந்தேன். முடிஞ்சிருச்சி."

"நம்ம வூட்ட சொல்லிருக்கலாம்ல அத்த?"

அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. ரயிலின் ஆட்டம் என்று நினைத்து நான் தூங்கிப்போனேன்.

ரிசல்ட் போனில் வந்தது. பேசுவதில் மறுபடியும் குறைவு. அத்தை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குச் சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்று அம்மா முதல்முறையாக அத்தையைக் கேட்டாள். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கோ உள்ளுக்குள் திருவிழா. அவள் கப்பல் ஏறிப் போகப்போவதில்லை. காவாந்தண்டலம்தானே, பஸ் ஏறினால் போய்விடலாம்.

பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அக்காதான் பேசினாள்.

"வெளிநாட்டுக்குப் போறதுக்கு எழுதிப் போட்ட பொண்ணாமே? நாளைக்கு ரெண்டு புள்ளைங்கள வுட்டுட்டு கெளம்பிடுச்சின்னா நாங்க இன்னா பண்றது?"

அப்பா அவசரமாகச் சொன்னார். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கூடப் படிச்ச பொண்ணு கூப்ட்டுச்சின்னு சும்மா போயி எழுதிப் பாத்துச்சி. அதுக்கு இங்கிலீஷெல்லாம் வராதுங்க."

காபி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்த அத்தையின் கை அப்படியே நின்று, பிறகு நகர்ந்தது. நன்றாகப் படித்துவிட்டு, படிக்கவே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொள்வோமே, அப்பாவும் அதைத்தான் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் வைத்துச் சுருக்கமாகக் கல்யாணம் நடந்தது. கிளினிக் வேலையை விட்டு நின்றுகொள்ளும்படி மாப்பிள்ளை வீட்டில் அத்தையிடம் சொல்லிவிட்டார்கள்.

அரைப் பரீட்சை லீவில் என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டார் அப்பா. பெரிய வீடு. வாசலில் டிராக்டர், பின்னால் மாட்டுக்கொட்டகை. அத்தை இளைத்திருந்தாள். அந்த மனிதர் நல்லவராகத்தான் தெரிந்தார். எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். அவருடைய அக்கா பக்கத்து வீட்டிலிருந்தாலும் பகலெல்லாம் இங்கேதான். மாலையில் அவள் கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை கத்தரிக்காய் நறுக்கினாள். ஏழாவது படிக்கும் மூத்த பெண் லீவுக்குக் கொடுத்த பாடத்தை எழுதியபடியே கேட்டாள்.

"சின்னம்மா, 'அரைவ்'க்கு நவுன் இன்னா?"

எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. அத்தை மொத்தக் குடும்பத்தையும் கடகடவென்று சொல்லி இவர்களை அசத்தட்டும் என்று காத்திருந்தேன். மல்லாட்டை உரிக்கும் சத்தம் நின்றது.

அத்தை கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "எனக்கு இன்னாம்மா தெரியும்? ஸ்கூல் தெறந்ததும் டீச்சரக் கேட்டுக்கோ."

"இல்ல! அத்தைக்கு எல்லாம் தெரியும். அரைவ், அரை…"

"சும்மா இருடி." தணிந்த குரல்தான். ஆனால் அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அடி வாங்கப்போகிற பிள்ளையின் முகம்போல இருந்தது. மல்லாட்டை உரிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

மறுநாள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு புறப்பட்டார். தெருமுனைவரை வந்த அத்தை அதற்குமேல் வராமல் நின்றுவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, அத்த எல்லாத்தையும் மறந்துடுச்சிப்பா. அந்தப் பொண்ணு ஒரு நவுன் கேட்டுச்சி, தெரியலன்னு சொல்லிடுச்சி. மனப்பாடம் பண்ணா அப்பிடித்தான், நிக்காதுன்னு எங்க டீச்சர் சொல்வாங்க."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்தார். உத்திரமேரூர் வரும்வரை அதை எடுக்கவில்லை. பாவம், மூட்டை எடை போட்டுக் களைத்துத் தூங்குகிறார் என்று நினைத்து, நான் சத்தம் போடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.