முறையான வழியில் போன என் விண்ணப்பம்

வங்கி வேலைக்குள் நுழைய ஒரே ஒரு பரீட்சைதான். வெளியே வர எத்தனை பரீட்சை என்பதை எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. சித்தூர் கிளையில் சேமிப்புக் கணக்கு லெட்ஜரோடு ஆறு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். பெயர் சுகிர்தா. எண்பதுகளின் நடுவில், மெட்ராஸில் ஒரு மேலாண்மைக் கல்லூரியின் விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தேன். இரண்டு வருஷப் படிப்பு, அதில் இரண்டாம் வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டர். படித்து முடித்தவர்களைக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நேரே வந்து எடுத்துக்கொள்கின்றனவாம். பி.காம். படித்தவளுக்கு அந்தப் பக்கம் போக வேறு கதவு கிடையாது. வயது வரம்பு இருபத்தெட்டு. எனக்கு இருபத்தேழு முடிந்து ஏழு மாதம். அதாவது இந்த ஒரு தடவைதான்; தவறினால் தவறினதுதான். ஏதோ ஒரு நாற்காலியில் ஒட்டிக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் போனவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

ஜூன் மாதம்

ஜூன் கடைசியில் எங்களுக்கு அரையாண்டு வட்டி போடும் வேலை. ஒவ்வொரு கணக்குக்கும் மாதாமாதம் இருந்த குறைந்தபட்ச இருப்பைப் பார்த்து, கூட்டி, பெருக்கி, வகுத்து, பென்சிலில் எழுதி, இன்னொருத்தர் சரிபார்த்த பிறகு மையால் எழுத வேண்டும். விரல் நடுவில் காய்ப்பு வந்துவிடும். அதே ஜூனில்தான் பக்கத்திலிருக்கும் பங்காருபாளையத்தில் மாங்காய் வரத்தும் உச்சத்தில் இருக்கும்.

நான் விளம்பரம் பார்ப்பதற்கு முந்தின ஜூனில், அங்கே மண்டி வைத்திருக்கும் நாயுடு ஒருவர் பாஸ்புத்தகத்தை நீட்டிக்கொண்டு கவுண்டரில் நின்றார். "இதையெல்லாம் செய்ய மெட்ராஸ்ல மிஷின் வந்துடுச்சுங்க, அரை நாள்ல முடிச்சிடுமாம்" என்று ஆசையோடு சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாராட்டுவதாக நினைத்துக்கொண்டே சொன்னார்: "மிஷினு எதுக்கும்மா நமக்கு? அதான் நீ கீறியே!"

பேட்ஜ்

அந்த வருஷங்களில் கம்ப்யூட்டர் என்றாலே எங்கள் சங்கத்துக்கு ஆகாது. அது வந்தால் பாதிப் பேருக்கு வேலை போய்விடும் என்று பயம். பயத்தில் நியாயமும் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் 'கம்ப்யூட்டர் வேண்டாம்' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தோம். என் புடவைத் தலைப்பில் பேட்ஜ். கைப்பையில் கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பம். நாள் பூராவும் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வாசலில் கோஷம் போட்டு முடித்ததும், கிளைச் செயலாளர் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். கோஷம் போட்டதில் அவருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. ஃபாரம் சமாச்சாரம் தெரிந்துவிட்டது, சங்கத்தை விட்டே நீக்கப்போகிறார் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சமாச்சாரம் தெரிந்துதான் இருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கோஷம்லாம் பேங்குக்குள்ளதாம்மா. என் மச்சான் சும்மாதான் சுத்திக்கினு கீறான், அவனுக்கும் ஒரு ஃபாரம் வரவழைச்சுக் குடு."

பச்சை மை

வேலையில் இருப்பவர்கள் எந்தப் படிப்புக்கும் மேலதிகாரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முறையான வழி என்று அதற்குப் பெயர். அந்த ஃபாரத்தில் 'ஏன் உங்கள் தொழிலை மாற்ற விரும்புகிறீர்கள்?' என்று இங்கிலீஷில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒரே எண்ணை ஒரு புத்தகத்திலிருந்து இன்னொரு புத்தகத்துக்கு மாற்றி எழுதியே ஆறு வருஷம் போய்விட்டது, இந்த வேலைக்கு மூளை தேவையில்லை, எங்கள் கிளையில் யோசிப்பவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை. எழுதும்போது எல்லாம் ஞாபகம் இருந்தது. அதை மேனேஜர் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார் என்பது மட்டும், அவர் மேசை மேல் ஃபாரத்தை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பச்சை மைப் பேனாவை எடுத்து, வவுச்சரைச் சரிபார்ப்பதுபோல வரி வரியாகத் திருத்தினார். 'மூளை தேவையில்லை' என்பதை அடித்துவிட்டு 'மிகுந்த பொறுமை தேவை' என்று எழுதினார். லெட்ஜரில் அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அதன்படி பதினோரு திருத்தத்துக்கும் பதினோரு சுருக்கொப்பம். விண்ணப்பத்தைக் கல்லூரிக்கும், நகலைத் திருப்பதியில் உள்ள வட்டார அலுவலகத்துக்கும் அனுப்பச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்: "இங்கிலீஷ்ல தப்பு இருந்துச்சு, திருத்திட்டேன். நீ போறதே தப்பா இல்லியான்னு திருப்பதியில சொல்லுவாங்க."

மூன்று பேர்

எழுத்துத் தேர்வு எழுதினேன், தேறினேன். நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பற்றி நான் படித்துவைத்திருந்த எதையும் கேட்கவில்லை. பச்சை மைக் கட்டுரையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. அழுதுவிடக் கூடாது என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் இருந்தவர் கடைசியில் ஃபாரத்தைக் கீழே வைத்தார்: "மனக்குறைக்கு மேனேஜர்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வந்தது நீங்க ஒருத்தர்தாம்மா!"

வேலூர் வரன்

சிரித்தவர்களே இடமும் கொடுத்துவிட்டார்கள். ஜூலை முதல் வாரம் சேர வேண்டும். அதற்குள் வங்கியின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும். வீட்டில் அதே சமயம் வேலூரிலிருந்து ஒரு வரன். எங்கள் சர்ச் மூலமாக வந்தது, நல்ல குடும்பம். என்னைப் பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள், கேக் தின்றார்கள். நான் வங்கியை விடப்போகிறேன் என்று தெரிந்ததும் மாப்பிள்ளைக்குத் திடீரென்று ஏதோ குறை தெரிந்துவிட்டது; எங்களில் ஜாதகம் பார்க்கிற வழக்கம் இல்லாததால் அதைச் சாக்காகச் சொல்ல முடியவில்லை. எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்னைப் பெற்ற நைனாவுக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னார்: "அவங்க பொண்ணு பாக்க வர்லம்மா, பேங்க்கைப் பாத்துட்டுப் போயிருக்காங்க."

சார் மலைமேல்

கடிதம் வரவில்லை. லீவு போட்டுவிட்டு பஸ் ஏறித் திருப்பதி போனேன். வட்டார அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருக்கிறார், தரிசனம் செய்துவைக்க இவர் மலைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம் போனேன். வேறு ஒரு பெரியவர், அதே மலை. அந்த அலுவலகத்தின் முக்கிய வேலையே அதுதான், கடன் கொடுப்பதெல்லாம் இடையில் நேரம் கிடைத்தால். வேலையை ராஜினாமா செய்துவிடலாம் என்றால் மூன்று மாத நோட்டீஸ். விடுவிப்புக் கடிதம் இல்லாமல் கல்லூரி சேர்க்காது. அதையும் கல்லூரிக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தேன்.

மூன்றாம் முறை போனபோது கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. காலை பத்தரையிலிருந்து நாலு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஊழியர் பிரிவு குமாஸ்தா என்மேல் இரக்கப்பட்டு லட்டுப் பிரசாதம் கொடுத்தார். "நீங்களும் ஒரு வாட்டி மலை ஏறிக் கும்பிட்டுக்கினு வாங்களேன், ஃபைலு நகரும்" என்றார். நான் கிறிஸ்தவள் என்று சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "அப்ப உங்க சாமிகிட்டயாவது சொல்லி எங்க சாரைக் கீழ எறக்குங்கம்மா."

ஆட்சேபணை இல்லை

கடைசித் தேதி போனது. கல்லூரியிலிருந்து, என் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு கார்டு வந்தது. அன்று லெட்ஜருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அழுத ஈரத்தில் ஒரு கணக்கின் இருப்பு கலைந்துபோய், அதைத் திரும்பவும் எழுதினேன்.

எட்டு நாள் கழித்துத் திருப்பதித் தபால் பை வந்தது. மேனேஜர் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். மேற்படி ஊழியர் மேற்படிப்புக்குச் செல்வதில் வங்கிக்கு ஆட்சேபணை இல்லை. கீழே கையெழுத்து, தேதி. தேதியை இன்னொரு தடவை படித்தேன். நான் மூன்றாம் முறை போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே நாள். மத்தியானமே யாரோ மலைக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்து, அனுப்பும் பிரிவில் சேர்த்துவிட்டார்களாம், மேனேஜரே சொன்னார். எனக்கும் அந்தக் காகிதத்துக்கும் நடுவே ஒரு மரத் தட்டிதான் இருந்திருக்கிறது. "நான் அங்கதான் சார் உட்கார்ந்திருந்தேன், கையில குடுத்திருந்தா போதுமே!" என்று கத்தியேவிட்டேன். கிளையே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்: "வந்தவங்க கையில எப்டிம்மா குடுப்பாங்க? தபால்ல வந்தாத்தானே அது முறை?"

எங்கள் வங்கி யாருக்கும் எதையும் மறுத்தது என்று நான் சொல்லமாட்டேன், கேட்டது உதவாமல் போன பிறகு கட்டாயம் கொடுத்துவிடுவார்கள்.