சேசுநாதர் மடியில் என் அக்கா

கோயம்புத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக முளைத்துக்கொண்டிருந்த முப்பதுகளில், என் அக்கா வாந்திபேதியில் செத்துப்போனாள். எனக்கும் அவளுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். இரண்டு பேரும் ஒரே முகம், அடுப்புக்கரி நிறம். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. மில் கூலிக்காரர் வீட்டில் யார் போட்டோ பிடித்தார்கள்? அதனால் அக்கா நினைப்பு வந்தால் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துப் பார்ப்பாள். வலிக்கும். ஆனால் செத்தவள் தயவில் எனக்குக் கிடைத்த செல்லம் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அந்தச் சமயம் எங்கள் கோயில் சுவரில், சேசுநாதர் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிற படம் எழுத ஏற்பாடாயிற்று. சீமையிலிருந்து வந்த அச்சுப் படத்தைப் பார்த்துப் பெரிதாக எழுத வேண்டும். வந்த பெயிண்டர் நாடகக் கொட்டகைக்குத் திரை எழுதுகிறவர். பழனி முருகனைத் தவிர வேறு சாமி அறியாதவர். மடியில் இருக்கிற குழந்தைக்கு மட்டும் தன் மகள் முகத்தை வைக்கும்படி அம்மா அவரிடம் கெஞ்சினாள். முகத்துக்கு என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கழுத்து கடுக்க உட்கார்ந்திருந்தேன். சுவரில் அக்கா வந்துவிட்டாள், உரித்து வைத்தாற்போல.

அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கோயிலில் வேதபாடம் சொல்லித்தருகிற உபதேசியார் வந்து பார்த்தார்.

“ஏனுங்க பெயிண்டரே, ஆண்டவர் மடியில கருங்கொரங்காட்ட என்னத்தைங்க எழுதி வெச்சிருக்கறீங்க?”

எங்கள் ஊர் மரியாதை அப்படி. ஈரக்குலையைப் பிடுங்கினாலும் ‘ங்க’ போட்டுத்தான் பிடுங்குவார்கள்.

“அந்தம்மாவோட புள்ளைங்க. செத்துப்போச்சாமுங்க.”

“செத்த புள்ளை மோட்சத்துலதானுங்க இருக்குது? அங்க ஏதுங்க கறுப்பு?”

பெயிண்டர் சுவரிலிருந்த சேசுநாதரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “இவரு வெள்ளைக்காரருங்களா?”

“இல்லீங்க. யூதரு.”

“அவிய என்ன நெறமுங்க?”

உபதேசியார் யூதரை எங்கே கண்டார்? என்னைவிட ஒரு பிடி கறுப்பான விரலால் அச்சுப் படத்தைத் தட்டிக் காட்டினார். “இதா, இந்த நெறம். பார்த்து எழுதுங்க.”

பெயிண்டர் வர்ணத்தைக் குழைத்தார். என் கண்ணெதிரே அக்காவின் கன்னத்தில் ரோஸ் வர்ணம் ஏறியது. மயிர் வைக்கோல் நிறமானது. மூக்கும் வாயும் மட்டும் அவளுடையதாக மிஞ்சின.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்களே, அம்மா வந்து பார்த்தால் அந்த உபதேசியாரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

சாயங்காலம் வந்தாள். தலைமயிரெல்லாம் பஞ்சுத் தூசி. படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு முழங்காலில் விழுந்தாள்.

“எஞ்சாமி! சம்மனசாட்ட ஆயிட்டியே, கண்ணு!”

தேவதூதரை நாங்கள் சம்மனசு என்போம். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. செத்துப்போன அக்காவை அன்றைக்குத்தான் முதன்முதலாக வெறுத்தேன்.

அதன் பிறகு மகள் நினைப்பு வந்தால் அம்மா கோயிலுக்குத்தான் போனாள். வீட்டில் என்னைக் கிணற்றடியில் உட்காரவைத்து, பயத்தமாவைக் குழைத்து, காய்ந்த பீர்க்கங்கூட்டு நாரால் முகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான் அலறினேன்.

“அழுவாதே. உங்கக்கா செத்துங்கூட வெளுத்துப்போட்டா. நீ உசுரோட இருந்து என்ன பண்ணிப்போட்டே?” என்றாள்.