மாசியா, பங்குனியா?

ஓசூருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது தேங்காய் எண்ணெய். காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. கடைக்காரன் மெழுகைக் கலந்து விற்றுவிட்டான் என்று சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு ஜெயம்மா வழிமறித்து, "வெயில்ல வைங்கண்ணா, தானா எறங்கும்" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார். கோவில்பட்டியிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். நம் பக்கத்தில் எண்ணெய் உறைந்து யார் பார்த்தது? இங்கே தை மாதக் காலையில் எங்கள் லைன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் முழுக்க எண்ணெய் பாட்டில்கள் வெயில் காயும். அவை உருகும்வரை பெண்கள் சுவரோரம் நின்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கதை பேசுவார்கள். என் மனைவி செல்வி முழுகாமல் இருந்த வருடம் அந்தச் சுவரோரத்தில் தினமும் ஒரே கேள்விதான், எப்போது என்று. அவள் முதலில் மாசிக் கடைசி என்றாள். பிறகு ஒரு நாள் பங்குனி மூன்றாம் வாரம் என்றாள். அந்த மாற்றத்துக்கு முழுப் பொறுப்பு நான்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதில் நமக்கு மாற்றுப் பேச்சு கிடையாது. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, பெண்ணைக் கையோடு அழைத்துப் போய்விடுவார்கள். இரட்டைப்படையான எட்டாம் மாதம் ஆகவே ஆகாது. எனக்கு இதில் தனியாக ஒரு ஆசையும் இருந்தது. பிறந்த பிள்ளையின் வாயில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதை நம் பக்கம் சேனை வைப்பது என்போம். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. எனக்கு வைத்தவர் என் பெரியப்பா. கூட்டுறவு சங்கக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கியவர். அதன் பலனை நான் அனுபவிக்கிறேன், என்னைவிட அதிகமாகச் செல்வி அனுபவிக்கிறாள். ஆகவே என் பிள்ளைக்கு மாமனார்தான் சேனை வைக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே முடிவு செய்துவிட்டேன். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவருக்குக் கால் வலிக்கிறதா என்று கேட்கிற மனிதர் அவர். அவரிடம் சொன்ன மறுநாளே கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கி வைத்துவிட்டார் என்று செல்வி சொன்னாள்.

ஏழாம் மாதம் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை. ஒன்பதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். ஓசூர் டாக்டரம்மா மூன்றாம் மாதத்துக்கு முன்பே எடுத்த ஸ்கேனில் மாசிக் கடைசி என்று சொல்லியிருந்தார். அந்தக் கணக்கை வைத்து மாமியார் தைக் கடைசியில் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். உடன் வேலை பார்க்கும் ஒருவர், "பெங்களூருல பெரிய மெஷின் இருக்கு சார், விரல் நகம்கூடத் தெரியுமாம்" என்றார். பிள்ளையின் நகத்தைப் பார்க்க எனக்கு என்ன அவசரமோ, அந்த ஞாயிற்றுக்கிழமையே செல்வியைப் பஸ் ஏற்றினேன். அங்கே ஸ்கேன் எடுத்த பெண் கன்னடத்தில் நிறையப் பேசினார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கையில் கொடுத்த ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி பங்குனி மூன்றாம் வாரத்துக்குப் போயிருந்தது.

நான் பார்ப்பது பல்சக்கரங்களை அளந்து தேர்ச்சி சொல்லும் வேலை. எங்கள் கம்பெனியில் ஒரு சக்கரத்தைப் பல இடங்களில் அளப்போம். மெஷினில் இருந்து இறங்கியதும் ஒருவர் அளப்பார், நடுவில் ஒருவர், கடைசியில் நான். முன்னால் யார் என்ன அளந்திருந்தாலும் என் அளவுதான் செல்லும். என் கருவி நுணுக்கமானது, என் அறைக்கு மட்டும் ஏசி உண்டு. இந்தப் பெருமையில் ஊறிப்போன மண்டைக்கு வேறு எப்படித் தோன்றும்? கடைசியாக எடுத்த ஸ்கேன், பெரிய ஊர், பெரிய மெஷின், அந்த அறையிலும் ஏசி. பழைய தேதி ரத்து. அப்படிப் பார்த்தால் தைக் கடைசியில் ஒன்பதாம் மாதம் பிறக்கவே இல்லை, ஓடுவது எட்டு!

"டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க" என்றாள் செல்வி.

"அவங்க சொன்னது பழைய அளவு. இதுல கேக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

மறுமுனையில் மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன மாப்ள இப்படிச் சொல்லுதீக? வளையலெல்லாம் வாங்கியாச்சு. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு வயசு எப்படிக் கொறையும்?"

"அளவு திருந்தியிருக்கு அத்தை. எட்டுல வளைகாப்பு வச்சீங்கன்னா உங்களுக்குத்தான் பாவம். மாசி மூணாவது வெள்ளி வாங்க."

எட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் அடங்கிவிட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு சாஸ்திரத்தையும் விஞ்ஞானத்தையும் ஒரே போனில் காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு.

அந்த மாசி மூன்றாவது வெள்ளிக்கு முந்தைய நாள் காலை. வளைகாப்புச் சாமான்களோடு மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்கள். செல்வி வாசற்படியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சூட்டு வலியாக இருக்கும், இன்னும் நாள் கிடக்கிறது என்று சொல்லி மோர் கலக்கப் போனேன். அந்த நேரம் ஜெயம்மா வந்தார். இவர் கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்; தமிழ் பேசினாலும் கன்னட மரியாதை 'ரீ' வந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயடியில் இவர் குரல் கேட்டால் வரிசை தானாக ஒழுங்காகிவிடும். வீட்டுக்காரரோடு இவர் போடும் சண்டையைத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தே முழுசாகக் கேட்கலாம்.

"ஏன்ரீ, மோரா கலக்கிறீங்க? அவ மொகத்தைப் பாருங்கண்ணா. ஓடிப்போய் ஆட்டோ கூட்டிட்டு வாங்க."

"இல்லம்மா, பங்குனிதான் தேதி. பெங்களூரு ஸ்கேன்ல..."

"கொழந்தைக்கு அதெல்லாம் படிக்கத் தெரியுமா? ஆட்டோ கூப்பிடுங்கன்னா!"

ஜெயம்மா செல்வியைத் தாங்கிக்கொண்டு கூடவே வர, நான் மோர்ச் செம்போடுதான் ஆட்டோவில் ஏறியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகுதான் கையில் அது இருப்பதே தெரிந்தது. மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம் என்று சொன்ன டாக்டரம்மாவிடம், குறைமாதமா என்று பயந்துபோய்க் கேட்டேன். கூடவே பெங்களூர் ரிப்போர்ட்டையும் நீட்டினேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"குறைமாசமெல்லாம் இல்ல. நாள் சரியாத்தான் பொறந்திருக்கு. மூணு மாசத்துக்குள்ள எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும். அப்ப நீளத்தை அளந்தா வயசு ஓரளவு கரெக்டா தெரியும். அதுக்கப்புறம் ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா, அதது வாகுக்கு வளரும். கடைசியில அளந்தா உருவம்தான் தெரியும், வயசு தெரியாது. உங்க பொண்ணு சின்ன உடம்பு. சராசரிக் கொழந்தை இந்த சைஸ்ல இருந்தா எப்பப் பொறக்கும்னு மெஷின் ஒரு தேதியைப் போட்டுருச்சு. சிறுசாத் தெரிஞ்சா நாங்க வளர்ச்சி எப்படியிருக்குன்னு பார்ப்போம். மொத தேதியை மாத்த மாட்டோம். நீங்க எதுல சார் வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"அங்க எல்லாம் ஒரே சைஸ்ல வரணும். வரலேன்னா தூக்கிப் போட்டுருவீங்க. இங்க அப்படியா?"

நான் மூக்கறுபட்டு அறைக்குள் போனபோது அங்கே வேறொரு பிரச்சினை காத்திருந்தது. உடனே பால் கொடுக்கச் சொல்லிவிட்டார் நர்ஸ். மாமனார் வரும் பஸ் சேலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. "அப்பா வாரதுக்குள்ள..." என்று செல்வி என்னைப் பார்த்தாள். அந்த மனிதர் வாழ்க்கையில் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. ஆசையாக ஒரு கிண்ணம் வாங்கினார், அதையும் என் மேதாவித்தனம் நடுவழியில் நிறுத்திவிட்டது. குழந்தையோ பசியில் வீரிட்டது. செல்விதான் துணிந்தாள். "அக்கா, நீங்களே வைங்க" என்று ஜெயம்மாவிடம் சொல்லி, சேனை என்றால் என்னவென்றும் சொன்னாள்.

"அய்யய்யோ, நானா? என் கொணம் தெரிஞ்சுமா கேக்கறே?" என்று ஜெயம்மா பின்வாங்கினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி டம்ளரில் கரைத்த சர்க்கரைத் தண்ணீரை விரல் நுனியால் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைத்தார்.

சாயங்காலம் வளையல் பெட்டியோடும் சோறு கட்டிய தூக்குகளோடும் வந்து இறங்கிய மாமியார் முதலில் அழுதார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமனார் பேத்தியை வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். யார் சேனை வைத்தது என்று மட்டும் கேட்டார். ஜெயம்மா தயங்கி முன்னால் வந்தார். மாமனார் பைக்குள் கையை விட்டு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து, "சேனை வச்ச கைக்குத்தான் இது சேரணும் தாயி" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்று சொல்ல வாயெடுத்தால், எனக்கென்ன, பஸ்ஸில் உட்கார்ந்துதானே வந்தேன், உமக்கல்லவா அலைச்சல் என்று என்னை விசாரித்தார்.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இந்தப் பரீட்சை லீவுக்கு ஊருக்குப் போயிருந்தோம். கோவில்பட்டி பஸ் நிலையத்தில் மாமனாரை இடித்துத் தள்ளிவிட்டு ஓர் ஆள் படியில் ஏறினான். அவர் வழக்கம்போல ஒதுங்கி வழிவிட்டார். அடுத்த நொடி, "ஏய், நில்ரீ! தாத்தா வயசானவரு, உங்களுக்குக் கண்ணு தெரியலயா? எறங்குங்க கீழ! அவர் மொதல்ல!" என்று ஒரு குரல் எழுந்தது. குழாயடியே அங்கு வந்து இறங்கிவிட்டதோ என்று நினைத்தேன். அந்த ஆள் பதறிப்போய் இறங்கிவிட்டான். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் வெளியே நீண்டது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "இது எந்த ஊர்ப் பிள்ள, பெரியவரே?" என்றார்.

என் மகள் இன்னமும் முறைத்துக்கொண்டு நின்றாள், ஒரு கையால் தாத்தாவின் சுண்டுவிரலைப் பிடித்தபடி. இத்தனை வருடங்களில் தனக்காக ஒருவர் சண்டை போட்டு அவர் பார்த்ததே இல்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"எங்க வீட்டுப் பிள்ளதாம்யா. சேனை மட்டும் ஓசூரு" என்றார்.