என் வீட்டில் அடுப்பு எரியாத அந்த நாள்

2007 வாக்கில் நடந்தது இது. திருமணமாகித் திருச்சியிலிருந்து அவிநாசிக்கு வந்திருந்தேன். கணவருக்குப் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. ஷிப்மென்ட் நாட்களில் அவர் வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான். திருமணத்துக்கு முன் பெங்களூரில் வரைபட நிறுவனம் ஒன்றில் புரோகிராமராக இருந்த நான், இங்கே பேச ஆளில்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பொழுது போகாமல், பழைய வேலையில் பயன்படுத்திய ஒரு மென்பொருளை எடுத்து நோண்ட ஆரம்பித்தேன். உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடத்தில் விரிப்பதற்கான கணக்குகளைச் செய்து தருவது அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். வெளிநாட்டில் ஒரு முதியவர் சம்பளம் எதுவும் இல்லாமல் பல வருடங்களாக அதைப் பராமரித்து வந்தார். நான் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினேன். நன்றி சொன்னவர், கூடவே திருத்தச் சொல்லி இன்னும் இரண்டு பிழைகளையும் அனுப்பிவைத்தார்!

அப்படித் தொடங்கியது பழக்கம். பெரும்பாலும் கணக்கைப் பற்றித்தான் எழுதிக்கொள்வோம். எப்போதாவது அங்கே பனி கொட்டுகிறது என்பார். இங்கே கரண்ட் இல்லை என்பேன். ஒரு நாள், உடம்பு முடியவில்லை, இனி இதை நீ பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். பயத்தோடு சரி என்றேன். எந்தெந்த நாட்டிலிருந்தோ கேள்விகள் என்னிடம் வரத் தொடங்கின. எனக்குத் தெரியாததை அவரிடம் கேட்பேன். அவருடைய பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்து, பிறகு நின்றுபோயின.

ஒரு காலையில் அவருடைய மகளிடமிருந்து மின்னஞ்சல். அப்பா இறந்துவிட்டார், அவரோடு வேலை செய்தவர்கள் யார் யாரென்று எனக்குத் தெரியாது, நீங்களே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்.

கணவருக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே மெஷின் சத்தம்.

"அடடா... வயசானவர்தானே கண்ணு? கண்டெய்னர் வந்து நிக்குது, ஊட்டுக்கு வந்து பேசறேன்."

அம்மாவை அழைக்கலாம். ஆனால் இறந்தவர் யார் என்பதிலிருந்து விளக்கவேண்டும். போனை வைத்துவிட்டேன். எல்லோருக்கும் எழுதவேண்டிய செய்தியில் முதல் வரிகூட வரவில்லை.

பக்கத்து வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருவர் குடியிருந்தார். பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. தண்ணீர் பிடிக்கும்போது சிரித்துக்கொள்வதோடு சரி, அதற்குமேல் பேசியதில்லை. அன்று விடுமுறையில் இருந்தவர், வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தார்.

"என்னக்கா, அழுதியளா?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் இறந்துட்டார். வெளிநாட்டுக்காரர். நான் நேர்ல பார்த்ததுகூட இல்ல."

சொல்லும்போதே கூச்சமாக இருந்தது. சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"இன்னைக்கு அடுப்புப் பத்த வைக்காதிய. நான் கொண்டாறேன்."

"ஐயோ, அவர் எனக்குச் சொந்தமெல்லாம் இல்லைங்க."

"நீங்க அழுதிய இல்லா? பெறவென்ன?"

சற்று நேரத்தில் சோறும் ரசமும் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அவுகளுக்குப் பிள்ளைய இருக்காக்கா?"

"ஒரு மகள். அவங்கதான் தகவல் சொன்னாங்க."

"பாவம், அந்தப் புள்ள சாப்டுச்சோ என்னமோ."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மகளை அதுவரை நான் நினைக்கவே இல்லை. கை கழுவியதும் முதலில் அவருக்குத்தான் எழுதினேன். உங்கள் அப்பா என் கேள்வி ஒன்றைக்கூட அற்பமாக நினைத்ததில்லை, இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே பேச்சுத் துணை அவர்தான் என்று எழுதினேன். அதை எழுதி முடித்த பிறகு மற்றவர்களுக்கான செய்தி தானாக வந்தது.

அதன் பிறகும் பல வருடங்கள் அந்த மென்பொருளைத் தனியாகத்தான் கவனித்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார். இப்போதெல்லாம் யாராவது ஒரு சாவைச் சொல்லி என்னிடம் கலங்கினால், இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று நான் கேட்பதில்லை. சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்கிறேன்.